ஊருக்கு இரண்டு வழி வேண்டும்

ஊராட்சி அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ வரிசையில் நின்று பழகியவர்களுக்கு ஒரு பதில் மனப்பாடம்: “சர்வர் வேலை செய்யலைங்க, நாளைக்கு வாங்க.” சாதிச் சான்றிதழுக்கு வந்த மாணவியும், பட்டா நகலுக்கு வந்த விவசாயியும், முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வந்த பாட்டியும் பேருந்துக் கட்டணத்தை இழந்து வீடு திரும்புகிறார்கள். பல நேரம் சர்வர் மீது எந்தக் குற்றமும் இருக்காது. அது சென்னையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். வழியில் எங்கோ சாலையை அகலப்படுத்தும் வேலையில், ஜேசிபி இயந்திரத்தின் பல் பட்டு, மண்ணுக்கடியில் போன கண்ணாடி இழைக் கேபிள் அறுந்திருக்கும். அந்த ஒரே அறுப்பில் ஏழெட்டு ஊர்களின் தொடர்பு போயிருக்கும்.

கேபிள் அறுபடுவது விபத்து. ஓரிடத்தில் அறுந்தால் ஏழெட்டு ஊர்களும் சேர்ந்து துண்டிக்கப்படுவதை அப்படிச் சொல்ல முடியாது. அது வரைபடம் போட்ட நாளிலேயே எடுக்கப்பட்ட முடிவு. எந்த ஊரை எந்த ஊருக்குப் பின்னால் நிறுத்துவது, ஓர் ஊருக்கு எத்தனை வழி கொடுப்பது என்ற அந்த முடிவைப் பற்றிப் பொதுவெளியில் நாம் பேசுவதே இல்லை. வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம், விலையைப் பற்றிப் பேசுகிறோம். வலையின் வடிவத்தைப் பொறியாளர்களின் தலைவலி என்று விட்டுவிடுகிறோம். ஆனால், கடைசி ஊரில் இருப்பவரின் ஒரு நாள் கூலியைத் தீர்மானிப்பது அந்த வடிவம்தான்.

கோடு, நட்சத்திரம், மரம், வளையம்

கண்ணாடி இழை வலைகளின் அடிப்படை வடிவங்கள் சிலவே. முதலாவது நேர்கோடு. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து புறப்படும் கேபிள் முதல் ஊரைத் தொட்டு, அங்கிருந்து இரண்டாம் ஊருக்கும், பிறகு மூன்றாம் ஊருக்கும் போகும். நம் ஏரிச் சங்கிலிகள் இப்படித்தான் அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கில் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். நடுவில் வரத்துக்கால் அடைபட்டால் காய்வது கடைமடை.

இரண்டாவது நட்சத்திரம். நடுவிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிக் கேபிள். ஒன்று அறுந்தால் ஓர் ஊர் மட்டுமே பாதிக்கப்படும். ஆனால், எல்லாம் அந்த நடுப்புள்ளியை நம்பியே இருக்கும். மூன்றாவது மரம். ஓர் இழை அடிமரம்போல வந்து, வழியில் ‘ஸ்ப்ளிட்டர்’ என்ற சிறிய பிரிப்பானில் கிளைகளாகப் பிரியும். கிளை ஒடிந்தால் அதிலுள்ள இலைகள் மட்டும் வாடும், அடிமரம் ஒடிந்தால் அனைத்தும் வாடும்.

நான்காவது வளையம். நேர்கோட்டின் கடைசி ஊரிலிருந்து இன்னொரு கேபிளை மீண்டும் தலைமையிடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பது. இதனால் ஒவ்வோர் ஊருக்கும் இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி கிடைக்கிறது. ஒருபுறம் அறுந்தால் கருவிகளே உணர்ந்து தரவை மறுபுறமாகத் திருப்பிவிடும். தொலைத்தொடர்பின் பழைய வளைய அமைப்புகளிலேயே இதற்கான வரம்பு 50 மில்லி நொடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு மையமும் பல மையங்களோடு நேரடியாக இணையும் பின்னல் வடிவம் இருக்கிறது. பெருநகரங்களுக்கு இடையிலான முதுகெலும்பு வலைக்கு அது பொருந்தும், கிராமங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஆறு ஊர்க் கணக்கு

வளையம் ஆடம்பரம் என்ற எண்ணம் நீண்ட காலமாக இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவில் ஓர் ஒன்றிய அலுவலகம், அதைச் சுற்றி அறுகோணமாக ஆறு ஊர்கள். அலுவலகத்திலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் 5 கிலோமீட்டர். அடுத்தடுத்த ஊர்களுக்கு இடையிலும் அதே 5 கிலோமீட்டர்.

நட்சத்திரமாக இணைத்தால் ஆறு கேபிள்கள், 30 கிலோமீட்டர். நேர்கோடாக இணைத்தால் அலுவலகத்திலிருந்து முதல் ஊருக்கு 5, பிறகு ஊர்களுக்கு இடையில் 25, ஆகமொத்தம் அதே 30. அந்தக் கோட்டின் கடைசி ஊரிலிருந்து அலுவலகத்துக்கு இன்னொரு 5 கிலோமீட்டர் போட்டால் வளையம் முழுமையாகிறது. மொத்தம் 35. ஆறில் ஒரு பங்கு கேபிள்தான் கூடுதல்.

இனி இழப்பைப் பார்ப்போம். ஒவ்வொரு 5 கிலோமீட்டர்த் துண்டும் ஆண்டில் நூற்றில் ஒரு பங்கு நேரம் பழுதாகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவங்களை ஒப்பிடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட அளவு இது. நட்சத்திரத்தில் ஓர் ஊர் ஆண்டுக்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல் தொடர்பை இழக்கும். நேர்கோட்டின் கடைமடை ஊர், ஆறு துண்டுகளும் நன்றாக இருந்தால்தான் பிழைக்கும் என்பதால், ஆண்டுக்கு 21 நாள் இழக்கும். வளையத்தில் மிகத் தொலைவில் இருக்கும் ஊரின் இழப்பு, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து சுமார் 10 மணி நேரம்.

கடைசி 5 கிலோமீட்டர் கேபிள் 21 நாளைப் பத்து மணி நேரமாகச் சுருக்குகிறது. இதைவிட லாபமான முதலீட்டைக் கிராம உள்கட்டமைப்பில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால், இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வளையத்தின் இரு பக்கங்களும் ஒரே காரணத்தால், ஒரே நாளில் அறுபடக் கூடாது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பன்னிரண்டு ஆண்டுப் பாடம்

இந்தப் பாடத்தை இந்தியா கற்ற விதத்தைச் சொல்லியாக வேண்டும். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை, ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2015இல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. திட்டத்தின் அடிப்படை, சிக்கனம். பிஎஸ்என்எல் போன்ற பொதுத் துறை நிறுவனங்கள் ஏற்கெனவே பதித்திருந்த கேபிள் எதுவரை போகிறதோ அதுவரை அதையே பயன்படுத்துவது, மீதித் தொலைவுக்கு மட்டும் புதுக் கேபிள் போடுவது. இருக்கும் கொம்பில் புதுக் கிளையை ஒட்டினால் என்ன வடிவம் வருமோ அதுதான் வந்தது: கோடும் மரமும்.

2017 டிசம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளோடு முதல் கட்டம் முடிந்தது. சாதனைதான். ஆனால், பழைய கேபிளின் முதுமை புதிய கேபிளையும் தொற்றியது. மேலே ஓர் அறுப்பு என்றால் கீழே வரிசையாக ஊர்கள் அணைந்தன. 2023 ஆகஸ்ட் மாதம் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, 2.64 லட்சம் ஊராட்சிகளையும் வளைய வடிவில் இணைப்பது அதன் மையமாக இருந்தது. பத்தாண்டுப் பராமரிப்பும் திட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

2011இல் கோட்டைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. விரைவாக, குறைந்த செலவில் ஊர்களை எட்ட வேண்டும் என்பது அன்றைய நியாயமான அவசரம். ஆனால், அவர்களின் சிக்கனக் கணக்கில் கேபிளின் விலை இருந்தது, மக்கள் இழக்கும் நாட்களின் விலை இல்லை. அதைச் சேர்த்திருந்தால் வளையம் அன்றே மலிவாகத் தெரிந்திருக்கும்.

காகித வளையமும் மண் வளையமும்

வளையம் என்று அறிவித்துவிட்டால் வளையம் வந்துவிடாது. ஒரு கேபிளுக்குள் 24 இழைகள் இருக்கலாம். இரண்டு இழைகளைப் போகும் வழியாகவும், அதே கேபிளின் வேறு இரண்டு இழைகளைத் திரும்பும் வழியாகவும் இணைத்தால் கணினித் திரையில் அழகான வளையம் தெரியும். மண்ணில் இருப்பது ஒரே கேபிள். ஜேசிபியின் பல் பட்டால் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக அறுபடும். செலவைக் குறைக்க மடித்துப் போடப்படும் இத்தகைய வளையங்கள், அடிப்படையில் வளையம் வேடம் போட்ட கோடுகள்.

இரண்டு தனிக் கேபிள்கள் இருந்தாலும் அவை ஒரே வாய்க்கால் பாலத்தைக் கடக்கலாம், ஒரே சாலையின் இரு ஓரங்களில் போகலாம், ஒரே கம்பத்தில் தொங்கலாம். வரைபடத்தில் விலகி நிற்கும் இரு கோடுகள் மண்ணில் ஓரிடத்தில் சந்தித்தால், அந்த இடம்தான் வளையத்தின் உயிர்நிலை.

பாம்பனைப் பாருங்கள். பழுது காரணமாக 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில். இடைப்பட்ட இரண்டே கால் ஆண்டுகளும் ராமேசுவரம் துண்டிக்கப்படாமல் இருந்ததற்குக் காரணம், 1988 முதல் பக்கத்தில் நிற்கும் சாலைப் பாலம். இரண்டாம் வழியின் அருமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால், இரு பாலங்களும் ஒரே நீரிணையின் மேல் அருகருகே நிற்கின்றன. பழுதிலிருந்து காக்கும் இரண்டாம் வழி, பெரும்புயலிலிருந்தும் காக்கும் என்று சொல்லிவிட முடியாது.

கடலுக்கடியிலும் இதுவே நடந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரு கேபிள்கள் அறுந்தன. வேறு வேறு அமைப்புகளுக்குச் சொந்தமானவை, தனித்தனி வழிகளாகக் கருதப்பட்டவை. அவை நெருங்கிச் செல்லும் ஒரு கடற்பகுதியில் இரண்டுமே பழுதாக, இந்தியாவின் வெளிநாட்டு இணைய இணைப்பு பெருமளவு முடங்கியது. ஒரே கேபிளை நம்பியிருந்த டோங்கா தீவு நாடோ, 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து அது அறுந்தபோது, ஐந்து வாரம் அந்த இணைப்பில்லாமல் தவித்தது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தை இங்கே செயல்படுத்துவது தமிழ்நாடு அரசின் டான்ஃபினெட் நிறுவனம். 1,815 கோடி ரூபாய்த் திட்டம், 12,525 கிராம ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம். கேபிளில் 85 விழுக்காடு மின்கம்பங்கள் வழியாகவும் 15 விழுக்காடு தரைவழியாகவும் செல்லும் என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிவித்தன. கம்பத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு. பள்ளம் தோண்ட வேண்டாம், வேலை விரைவாக முடியும், பழுது கண்ணுக்குத் தெரியும், ஜேசிபியின் பயம் இல்லை. இந்தக் கேபிளில் உலோகம் எதுவும் இல்லை என்பதால் மின்கம்பிகளின் அருகே தொங்குவதிலும் இடையூறு இல்லை.

ஆனால், 2018 நவம்பர் 16 அதிகாலையை டெல்டா மக்கள் மறக்க முடியாது. கஜா புயல் ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. வேதாரண்யம் பகுதியின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் வளையத்தின் இரு பக்கங்களும் கம்பத்திலேயே தொங்கினால், இரண்டும் சேர்ந்தே விழும். நாம் போட்ட பத்து மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது. நிவாரண முகாமும் மருத்துவமனையும் தொடர்பை மிகவும் தேடும் நாளில்தான் வளையம் கைவிடும். வளையத்தின் ஒரு கைக்கு எதிரி புயல் என்றால், மறு கைக்கு எதிரி வேறொன்றாக இருக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் ஒரு பக்கம் கம்பம், மறுபக்கம் மண் என்பது விதியாக வேண்டும்.

மின்சாரமும் மையமும்

வளையத்துக்கு இன்னும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஊர்தோறும் உள்ள ரவுட்டர் கருவிகள் தரவை வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்துகின்றன. ஓர் ஊரில் மின்சாரம் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், கேபிள் அறுந்ததற்குச் சமம். வளையத்தின் இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் இப்படி நடந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள ஊர்கள், தங்களிடம் மின்சாரம் இருந்தும், தனித்தீவுகளாகிவிடும். பக்கத்து ஊரின் பேட்டரி நம் ஊரின் பிரச்சினையாகிறது. ஊராட்சிச் சேவை மையத்தின் பூட்டிய அறையில் உப்பி வீங்கிக் கிடக்கும் ஒரு பேட்டரி, பல கோடி ரூபாய் வளையத்தை வெறுங்கோடாக்கிவிடும்.

இரண்டாவது, மையம். அமெரிக்காவில் சிகாகோ அருகேயுள்ள ஹின்ஸ்டேல் தொலைபேசி நிலையத்தில் 1988 மே 8 அன்று தீப்பிடித்தது. சுற்றுவட்டாரக் கேபிள்கள் பலவும் அந்த ஒரே கட்டடத்தில் வந்து கூடியிருந்ததால், பல்லாயிரம் சந்தாதாரர்கள் தொடர்பிழந்தனர். முழுச் சேவை திரும்ப வாரக்கணக்கில் ஆனது. கேபிளை வளையமாக்கிவிட்டு இரு முனைகளையும் ஒரே ஒன்றிய அலுவலகத்தின் ஒரே அறையில் கட்டினால், அதே ஆபத்துதான் காத்திருக்கிறது. ஒரு முனை ஓர் ஒன்றியத்திலும் மறுமுனை பக்கத்து ஒன்றியத்திலும் முடிய வேண்டும்.

மரம் எங்கே சரி?

இவ்வளவும் சொன்னதால் எல்லா இடத்திலும் வளையம் வேண்டும் என்று பொருளாகாது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் வலைக்கு மரமே சிறந்தது. இன்று பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் ஒளி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வழியில் நிற்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. எனவே, அங்கே பேட்டரி தீர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வீட்டுக்குப் போகும் இழை அறுந்தால் அந்த வீட்டோடு முடிந்தது. அதற்கு வளையம் போடுவது வீண்செலவு.

எந்த வடிவம் உயர்ந்தது என்ற பொதுக் கேள்விக்கு விடை கிடையாது. இந்தக் கேபிளை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்றே கேட்க வேண்டும். சிலர் நம்பியிருக்கும் இடத்தில் மரம் போதும். ஊர்களே நம்பியிருக்கும் இடத்தில் வளையம் கட்டாயம். ஊருக்குள் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, எண்ணிக்கை பாராமல் இரண்டாம் வழி கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு வளையத்தின் வழித்தடத்தையும் நடந்து தணிக்கை செய்ய வேண்டும். திரையில் உள்ள வரைபடத்தை ஏற்கக் கூடாது. இரு பக்கங்களும் எந்தப் பாலத்தில், எந்தக் கம்பத்தில், எந்தக் கட்டடத்தில் சந்திக்கின்றன என்று பட்டியலிட்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வளையத்தின் முதல் காயத்தை உடனே கண்டறிய வேண்டும். கோட்டில் அறுப்பு நேர்ந்தால் மக்கள் சத்தம் போடுவார்கள். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் யாருக்கும் தெரியாது, சேவை தொடரும். ஆனால், அந்த நொடியிலிருந்து அது கோடுதான். காயம் வலிக்கவில்லை என்று விட்டுவைத்தால் இரண்டாம் அறுப்பு வளையத்தையே வீழ்த்திவிடும். ஆகவே, சேவை நின்றால் மட்டுமே ஒப்பந்ததாரருக்கு அபராதம் என்பது போதாது. ஒருபக்க அறுப்பைக் குறித்த நேரத்தில் ஒட்டாவிட்டாலும் அபராதம் வேண்டும்.

மூன்றாவதாக, தோண்டுவதற்கு முன் கேட்கும் பழக்கம். முறையின்றித் தோண்டிக் கேபிள்களை அறுப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று சொல்லி, மத்திய அரசு 2023 மார்ச் மாதம் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியை அறிமுகப்படுத்தியது. அந்தச் செயலி குடிநீர்க் குழாய் பதிக்கும் உள்ளூர் ஒப்பந்ததாரரின் கைப்பேசிவரை வந்து சேர வேண்டும். பதிவு செய்யாமல் தோண்டுபவருக்குப் பணிக்கான தொகையை நிறுத்திவைக்க வேண்டும்.

நான்காவதாக, கணக்கெடுப்பின் அலகை மாற்ற வேண்டும். ‘இத்தனை ஊராட்சிகள் இணைக்கப்பட்டன’ என்பது ஒருநாள் செய்தி. கடைமடை ஊராட்சியில் இந்த மாதம் எத்தனை மணி நேரம் இணைப்பு இருந்தது என்பதே உண்மையான அளவுகோல். ஊராட்சிவாரியாக இந்த எண்ணை மாதந்தோறும் வெளியிட்டால், எந்த வளையம் மண்ணில் இருக்கிறது, எது காகிதத்தில் இருக்கிறது என்பது சில மாதங்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், சாலை, தெருவிளக்கு பற்றிக் கேட்கும் நாம் இனி இதையும் கேட்போம். நம் ஊருக்கு வரும் கண்ணாடி இழைக்கு எத்தனை வழிகள்? அவை எந்த இடத்திலாவது ஒன்றாகப் போகின்றனவா? சேவை மையத்தின் பேட்டரி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? இந்த மூன்று கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வரும்வரை அடுத்த கூட்டத்திலும் எழுதச் சொல்லுங்கள்.